என்எஸ்லுக்கப் கொண்டு டிஎன்எஸ் சர்வர்களைச் சோதித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தளம் திறக்கவில்லை; அனுப்பிய மின்னஞ்சல் திரும்பி வருகிறது; ஒரு வீட்டில் திறக்கும் பக்கம் அடுத்த தெருவில் திறக்க மறுக்கிறது. இத்தகைய புகார்களின் வேரைத் தேடிப் போனால் பல நேரங்களில், தளங்களின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் ஏற்பாடான டிஎன்எஸ்ஸில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும். அங்கே என்ன நடக்கிறது என்பதை நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள உதவும் என்எஸ்லுக்கப் என்னும் கட்டளை வரிக் கருவியைப் பற்றி, கணினி வலையமைப்பைப் பராமரிப்பவர்களும் சொந்தமாக டொமைன் வைத்திருப்பவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். விசைப்பலகையில் அவற்றை ஆங்கில எழுத்துகளிலேயே தட்ட வேண்டும். எடுத்துக்காட்டுகளில் வரும் எக்ஸாம்பிள்.காம் என்ற பெயரும் 192.0.2, 198.51.100, 203.0.113 என்று தொடங்கும் முகவரிகளும் விளக்கங்களுக்காகவே ஒதுக்கி வைக்கப்பட்டவை; அவற்றுக்குப் பதிலாக உங்கள் டொமைனையும் உங்கள் சர்வர் முகவரிகளையும் இட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என்எஸ்லுக்கப் என்பது என்ன? அதைத் தனியாக நிறுவ வேண்டுமா?

பெயரைக் கொடுத்தால் முகவரியையும், முகவரியைக் கொடுத்தால் பெயரையும் டிஎன்எஸ் சர்வரிடம் கேட்டு வாங்கித் தரும் சிறு நிரல் இது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பைண்ட் என்னும் டிஎன்எஸ் மென்பொருள் வளர்ந்த காலத்தில், அதனுடன் சேர்த்து ஆண்ட்ரூ செரன்சன் எழுதியது. பைண்டை இன்று பராமரிக்கும் ஐஎஸ்சி அமைப்பு, 9ஆம் பதிப்பின் தொடக்க காலத்தில் இந்தக் கருவி பிற்காலத்தில் நீக்கப்படலாம் என்ற எச்சரிக்கையை இதில் சேர்த்திருந்தது. 2004இல் வந்த 9.3 பதிப்பில் அந்த எச்சரிக்கையை விலக்கிக்கொண்டது. ஆகவே, என்எஸ்லுக்கப் கைவிடப்பட்ட கருவி என்று இன்றும் சிலர் சொல்வது காலம் கடந்த செய்தி.

விண்டோஸிலும் மேக்கிலும் இது உடன் வருகிறது. டெபியன், உபுண்டு வகை லினக்ஸில் டிஎன்எஸ்யூட்டில்ஸ் என்ற தொகுப்பையும், ஃபெடோரா, ரெட்ஹாட் வகையில் பைண்ட்-யூட்டில்ஸ் என்ற தொகுப்பையும் நிறுவினால் கிடைத்துவிடும்.

கேள்வி: பெயரை ஒரே வரியில் கொடுத்தாலே பதில் வருகிறதே, உரையாடல் முறை எதற்கு?

ஒரு முகவரியை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் ஒரே வரி போதும். ஆனால் சோதனை என்பது ஒரு கேள்வியோடு முடிவதில்லை. இந்தச் சர்வரிடம் கேட்க வேண்டும், அதே கேள்வியை அடுத்த சர்வரிடமும் கேட்க வேண்டும், பிறகு ரெக்கார்டின், அதாவது டிஎன்எஸ்ஸில் உள்ள பதிவின், வகையை மாற்றிக் கேட்க வேண்டும், காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும். உரையாடல் முறையில் ஒருமுறை இட்ட அமைப்பு, நீங்கள் மாற்றும் வரை அல்லது வெளியேறும் வரை நிலைத்திருக்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் தட்ட வேண்டியதில்லை.

எந்தப் பெயரும் கொடுக்காமல் என்எஸ்லுக்கப் என்று மட்டும் தட்டி என்டர் அழுத்தினால் உரையாடல் முறை தொடங்கி, > என்ற குறி தோன்றும். குறிப்பிட்ட ஒரு சர்வரோடு தொடங்க விரும்பினால், கட்டளைக்குப் பின் ஒரு சிறுகோடும் இடைவெளிவிட்டு அந்தச் சர்வரின் முகவரியும் இட வேண்டும். உள்ளே போனதும் முதல் வேலையாக 'செட் ஆல்' என்று தட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம். எந்தச் சர்வரிடம் கேட்கப் போகிறோம், எந்த வகை ரெக்கார்டைக் கேட்கப் போகிறோம், எத்தனை வினாடி காத்திருப்போம், பெயருக்குப் பின்னால் எந்தப் பின்னொட்டு சேரும் என்பவை எல்லாம் அதில் வரிசையாக வரும். இவை தெரியாமல் பெற்ற பதிலை வைத்து முடிவெடுப்பது சரியில்லை என்பதே என் அனுபவம்.

கேள்வி: தொடங்கியவுடன் 'டிஃபால்ட் சர்வர்: அன்நோன்' என்று விண்டோஸ் காட்டுகிறது. சர்வர் பழுதா?

இல்லை. தான் பயன்படுத்தப்போகும் சர்வரின் பெயரைத் தலைப்பில் காட்டுவதற்காக, அதன் ஐபி முகவரிக்கு உரிய பெயரை, அதாவது பிடிஆர் ரெக்கார்டை, கருவி முதலில் கேட்கிறது. அந்த ரெக்கார்டு இல்லாவிட்டால் 'அன்நோன்' என்று எழுதிவிட்டு வழக்கம்போல் வேலை செய்யும். வீட்டு ரவுட்டர்களை டிஎன்எஸ் சர்வராக வைத்திருப்பவர்கள் அநேகமாக இதைப் பார்த்திருப்பார்கள். உபுண்டுவில் சர்வர் முகவரியாக 127.0.0.53 என்று வந்தால் அதுவும் பழுது அல்ல. அது அதே கணினிக்குள் இயங்கும் இடைநிலைச் சேவை.

கேள்வி: 'நான்-அத்தாரிடேட்டிவ் ஆன்சர்' என்றால் பதில் தவறு என்று பொருளா?

அப்படிப் பொருள் இல்லை. ஆனால் இந்தப் பக்கத்தில் உள்ளவற்றில் கவனமாகப் படிக்க வேண்டிய விடை இதுவே என்று கருதுகிறேன். டிஎன்எஸ்ஸில் இரண்டு வேலைகளைச் செய்யும் சர்வர்கள் இருக்கின்றன. ஒரு டொமைனின் மூலப் பதிவேட்டை வைத்துக்கொண்டு, அதற்குப் பொறுப்பேற்றுப் பதில் சொல்பவை அதிகாரபூர்வ சர்வர்கள். நமக்காக வெளியே போய்க் கேட்டு வந்து, கேட்டதைக் குறிப்பிட்ட காலம் தன்னிடம் சேமித்து வைத்து, அடுத்து வருபவருக்கும் அதையே எடுத்துக் கொடுப்பவை ரிசால்வர்கள். உங்கள் இணையச் சேவையாளர் தருவது ரிசால்வர், 8.8.8.8, 1.1.1.1, 9.9.9.9 ஆகிய பொதுச் சர்வர்களும் ரிசால்வர்களே. ரிசால்வர் தன் சேமிப்பிலிருந்தோ பிறரிடம் கேட்டோ தந்த பதிலுக்குத்தான் அந்த வரி வருகிறது.

பெரும்பாலான குழப்பங்கள் இந்த வேறுபாட்டைக் கவனியாமல் விடுவதால் வருகின்றன. ரிசால்வரிடம் கேட்டால் உலகம் இப்போது உங்கள் டொமைனைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்பது தெரியும், அதுவும் அந்த ஒரு ரிசால்வரின் அளவில். உங்கள் டொமைன் உண்மையில் என்ன சொல்கிறது என்பதை அதிகாரபூர்வ சர்வரிடம்தான் கேட்க வேண்டும். இரண்டும் தேவையான கேள்விகள். ஒன்றுக்குரிய விடையை மற்றொன்றின் விடையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. விண்டோஸில், பதிலின் முழு விவரத்தையும் காட்டச் செய்யும் 'செட் டிபக்' இட்டுக் கேட்டால், பதிலின் தலைப்பில் 'ஆத். ஆன்சர்' என்ற கொடி இருக்கிறதா என்று நேரடியாகவே பார்க்கலாம்.

கேள்வி: அதிகாரபூர்வ சர்வர்களை ஒவ்வொன்றாகச் சோதிப்பது எப்படி?

முதலில் அவை எவை என்று கேளுங்கள் (அவற்றை நேம்சர்வர்கள் என்றும் சொல்வார்கள்; அவற்றின் பெயர்களைத் தருவது என்எஸ் வகை ரெக்கார்டு):

> செட் டைப்=என்எஸ்
> எக்ஸாம்பிள்.காம்.

மூன்று பெயர்கள் வருவதாக வைத்துக்கொள்வோம். இனி வகையை எஸ்ஓஏ (டொமைனின் பதிவேட்டைப் பற்றிய அடிப்படை விவரங்களைத் தரும் ரெக்கார்டு) என்று மாற்றி, பிறரிடம் கேட்டு வந்து சொல்ல வேண்டாம், உன்னிடம் இருப்பதை மட்டும் சொல் என்று அறிவுறுத்தி, ஒவ்வொரு சர்வரிடமும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும்:

> செட் டைப்=எஸ்ஓஏ
> செட் நோரிகர்ஸ்
> சர்வர் 192.0.2.53
> எக்ஸாம்பிள்.காம்.
> சர்வர் 198.51.100.53
> எக்ஸாம்பிள்.காம்.
> சர்வர் 203.0.113.53
> எக்ஸாம்பிள்.காம்.

எஸ்ஓஏ ரெக்கார்டில் ஒரு வரிசை எண் இருக்கும். பலர் அதை ஆண்டு, மாதம், நாள், அன்றைய திருத்த எண் என்ற அமைப்பில் எழுதுவார்கள். மூன்று சர்வர்களும் ஒரே எண்ணைச் சொன்னால் மூன்றிடமும் ஒரே பதிவேடு இருக்கிறது. ஒன்று மட்டும் பழைய எண்ணைச் சொன்னால், அந்தச் சர்வரைக் கேட்கும் மக்களுக்கு உங்கள் டொமைனின் பழைய வடிவமே கிடைத்துக்கொண்டிருக்கிறது.

2019இல் இதை நேரில் கண்டேன். நான் பராமரித்த ஒரு டொமைனின் மின்னஞ்சல் சர்வரைப் புதிய முகவரிக்கு மாற்றி, பழைய கணினியை நிறுத்திவிட்டோம். அடுத்த நாளிலிருந்து சிலர் அனுப்பிய கடிதங்கள் வரவில்லை. சிலருடையவை உடனே வந்தன. இன்னும் சிலருடையவை நான்கு நாள் கழித்து வந்து சேர்ந்தன. எங்கள் அலுவலகத்திலிருந்து எத்தனை முறை சோதித்தாலும் புதிய முகவரிதான் வந்தது. ஒவ்வொரு நேம்சர்வரிடமும் தனித்தனியாக எஸ்ஓஏ கேட்டபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. முதல் இரண்டும் 2019061403 என்றன. வெளியில் இருந்த மூன்றாவது 2019060501 என்றது. ஒன்பது நாள் பழைய பதிவேட்டை அது கொடுத்துக்கொண்டிருந்தது.

ஏன் என்று தேடினோம். வெளியிலுள்ள ஒரு கணினியிலிருந்து எங்கள் முதன்மைச் சர்வரிடம் வழக்கம்போல், அதாவது சிறு கேள்விகளுக்குரிய யுடிபி என்னும் அனுப்பும் முறையில், கேட்டால் உடனே பதில் வந்தது. 'செட் விசி' என்று இட்டு, அதே கேள்வியை, இணைப்பு ஏற்படுத்திப் பேசும் மற்றொரு முறையான டிசிபி வழியாகக் கேட்டால் பதிலே இல்லை. சில நாட்களுக்கு முன் மாற்றிய ஃபயர்வாலில் (வலையமைப்பின் பாதுகாப்புத் தடுப்பில்) டிஎன்எஸ்ஸுக்குரிய வாயிலான 53ஆம் போர்ட்டை யுடிபிக்கு மட்டும் திறந்து வைத்து, டிசிபியை மூடியிருந்தார்கள். பதிவேடு மாறியிருக்கிறது என்ற செய்தி யுடிபி வழியாக மூன்றாவது சர்வருக்குத் தெரிந்தது. பதிவேட்டை முழுதாக எடுத்துக்கொள்ள டிசிபி வேண்டும், அது கிடைக்கவில்லை. இரண்டாவது சர்வர் எங்கள் ஃபயர்வாலுக்கு உள்ளேயே இருந்ததால் அதற்கு எந்தத் தடையும் இல்லை. எஸ்ஓஏவில் காலாவதி நேரம் 1209600 வினாடி, அதாவது 14 நாள், என்று இருந்தது. இன்னும் ஐந்து நாள் கவனிக்காமல் விட்டிருந்தால் மூன்றாவது சர்வர் பழைய பதிலையும் நிறுத்திவிட்டு, 'சர்வர் ஃபெயில்டு' என்று சொல்லத் தொடங்கியிருக்கும்.

அதற்குப் பிறகு, டொமைனில் எந்தத் திருத்தம் செய்தாலும் எல்லா நேம்சர்வர்களிடமும் வரிசை எண்ணைக் கேட்டுப் பார்க்காமல் நான் வேலையை முடிப்பதில்லை.

இதோடு சேர்த்து, மேல்நிலைச் சர்வரிடமும் ஒருமுறை கேளுங்கள். டாட் காம் டொமைன் என்றால் ஏ.ஜிடிஎல்டி-சர்வர்ஸ்.நெட் என்ற சர்வரிடம் உங்கள் டொமைனின் என்எஸ் ரெக்கார்டுகளைக் கேட்டால், நீங்கள் பதிவாளரிடம் கொடுத்திருக்கும் பட்டியல் வரும். உங்கள் சர்வர் சொல்லும் பட்டியலும் அதுவும் ஒத்திருக்க வேண்டும். என்றோ கைவிட்ட நேம்சர்வரின் பெயர் மேலே மட்டும் நீடித்திருப்பது அடிக்கடி காணும் பிழை.

கேள்வி: 'சர்வர்', 'எல்சர்வர்' என்று இரண்டு கட்டளைகள் ஏன்?

புதிய சர்வரைப் பெயரால் குறிப்பிடும்போதுதான் இந்த வேறுபாடு வருகிறது. 'சர்வர்' கட்டளை அந்தப் பெயரின் முகவரியை, நீங்கள் இப்போது பேசிக்கொண்டிருக்கும் சர்வரிடம் கேட்கும். 'எல்சர்வர்' கட்டளை, தொடக்கத்தில் இருந்த உங்கள் வழக்கமான சர்வரிடம் கேட்கும். அதிகாரபூர்வ சர்வர் தன் டொமைனைத் தவிர வேறொன்றுக்கும் பதில் சொல்லாது என்பதால், அதனோடு பேசிக்கொண்டிருக்கும்போது வேறொரு டொமைனிலுள்ள சர்வரின் பெயரைக் கொடுத்தால் மாற முடியாமல் நிற்பீர்கள். அப்போது 'எல்சர்வர்' கைகொடுக்கும். மேலே காட்டியதுபோல் ஐபி முகவரியாகவே கொடுத்துவிட்டால் இந்தச் சிக்கலே எழாது.

கேள்வி: பெயரின் கடைசியில் புள்ளி வைக்கிறீர்களே, அது அவசியமா?

சோதனை செய்யும்போது அவசியம். கடைசிப் புள்ளி, பெயர் இத்தோடு முழுமையாகிவிட்டது என்பதற்கு அடையாளம். அது இல்லாவிட்டால் கணினியில் அமைக்கப்பட்டிருக்கும் பின்னொட்டைக் கருவி சேர்த்துக் கேட்கக்கூடும். விண்டோஸில் உள்ள என்எஸ்லுக்கப், பெயரில் ஏற்கனவே புள்ளிகள் இருந்தாலும்கூட முதலில் பின்னொட்டைச் சேர்த்தே கேட்டுப் பார்க்கும். 'செட் டிபக்' இட்டுப் பார்த்தால் எக்ஸாம்பிள்.காம் என்பதற்குப் பின்னால் அலுவலகத்தின் உள் டொமைன் ஒட்டிக்கொண்டு போவதைக் காணலாம். அந்த உள் டொமைனில், எந்தப் பெயரைக் கேட்டாலும் ஒரே முகவரியைத் தரும் நட்சத்திரக் குறி ரெக்கார்டு ஒன்று இருந்துவிட்டால், உலகிலுள்ள எந்தத் தளத்தைக் கேட்டாலும் உங்கள் அலுவலகச் சர்வரின் முகவரியே திரும்பி வரும். டிஎன்எஸ்ஸை யாரோ கைப்பற்றிவிட்டார்கள் என்று இதைப் பார்த்துப் பதறியவர்கள் உண்டு. கடைசியில் ஒரு புள்ளி வைத்துக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

கேள்வி: பிழைச் செய்திகளை எப்படிப் புரிந்துகொள்வது?

'நான்-எக்ஸிஸ்டென்ட் டொமைன்' அல்லது 'என்எக்ஸ்டொமைன்' என்பது, அப்படியொரு பெயரே இல்லை என்ற தெளிவான பதில். சர்வர் நலமாக இருக்கிறது, கேள்வியைப் புரிந்துகொண்டது, தேடிப் பார்த்து இல்லை என்றது. எழுத்துப் பிழையைத் தேடுங்கள்.

'நோ ஆன்சர்' என்பது இதிலிருந்து வேறுபட்டது. பெயர் இருக்கிறது, ஆனால் நீங்கள் கேட்ட வகை ரெக்கார்டு அதற்கு இல்லை. ஒரு பெயருக்கு ஐபிவி4 முகவரி மட்டும் இருக்கும்போது ஐபிவி6 முகவரியைக் கேட்டால் இது வரும். விண்டோஸ் இந்தச் சொற்களைக் காட்டாமல், முகவரி இல்லாத வெறும் பெயரையோ எஸ்ஓஏ விவரத்தையோ தருவதால் பலர் இதைத் தவறவிடுகிறார்கள். முன்பு எம்எக்ஸ் (மின்னஞ்சல் சர்வரைக் குறிக்கும் ரெக்கார்டு) என்று மாற்றிய வகையை மறந்துவிட்டு முகவரி கேட்பவர்களுக்கும் இதுவே கிடைக்கும்.

'குவரி ரெஃப்யூஸ்டு' என்றால் உங்களுக்குப் பதில் சொல்லச் சர்வருக்கு அனுமதி இல்லை. உங்கள் அதிகாரபூர்வ சர்வரிடம், வெளியிலிருந்து, யாரோ ஒருவரின் டொமைனைக் கேட்டால் வர வேண்டிய சரியான பதில் இதுதான். அங்கே முழுப் பதில் வந்தால் உங்கள் சர்வர் ஊர் முழுவதற்கும் திறந்து கிடக்கிறது என்று பொருள்; பிறர் மீது தாக்குதல் நடத்துவோர் அதைப் பயன்படுத்திக்கொள்வார்கள் என்பதால் அன்றே மூடிவிட வேண்டும்.

'சர்வர் ஃபெயில்டு' அல்லது 'சர்வ்ஃபெயில்' என்பதுதான் கடினமானது, ஏனென்றால் பல காரணங்களுக்கு இந்த ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள். அதிகாரபூர்வ சர்வர் எதையும் அடைய முடியாமல் இருக்கலாம், பதிவேடு காலாவதியாகியிருக்கலாம், பதில் போலியல்ல என்று உறுதிப்படுத்தும் டிஎன்எஸ்செக் கையொப்பம் செல்லாமல் போயிருக்கலாம். அதிகாரபூர்வ சர்வரிடம் நேரே கேளுங்கள். அது நன்றாகப் பதில் சொல்லி, ரிசால்வர் மட்டும் மறுத்தால் கையொப்பத்தைச் சந்தேகியுங்கள்.

'டைம்டு அவுட்' என்பதோ பதில் அல்ல, பதிலின்மை.

கேள்வி: நேரம் கடந்துவிட்டது என்றே வருகிறது. சர்வர் செத்துவிட்டது என்று முடிவு செய்யலாமா?

அவசரப்பட வேண்டாம். விண்டோஸில் காத்திருக்கும் நேரம் 2 வினாடிதான். வேகம் குறைந்த இணைப்பிலோ, ரிசால்வர் பல படிகள் ஏறி இறங்க வேண்டிய பெயரிலோ அது போதாமல் போகும். 'செட் டைம்அவுட்=10', 'செட் ரீட்ரை=3' என்று கூட்டிப் பாருங்கள். அப்போது பதில் வந்தால் சர்வர் மெதுவானது. வராவிட்டால் 'செட் விசி' இட்டு டிசிபியில் கேளுங்கள். டிசிபியில் வந்து யுடிபியில் வராவிட்டாலும், அதற்கு நேர்மாறாக இருந்தாலும், சர்வரை விட்டுவிட்டு இடையிலுள்ள ஃபயர்வாலைப் பாருங்கள். தொடக்ககால விதிப்படி யுடிபி பதிலின் உச்ச அளவு 512 பைட். பெரிய பதில்கள் டிசிபிக்கு மாறும். எனவே சிறிய ரெக்கார்டுகள் வந்து, நீளமான டிஎக்ஸ்டி (எழுத்துரை) ரெக்கார்டுகள் மட்டும் வராமல் போவது, டிசிபி மூடியிருப்பதற்கு நல்ல அறிகுறி.

கேள்வி: நேற்றே முகவரியை மாற்றிவிட்டேன். 48 மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறார்கள். அது உண்மையா?

மாற்றம் எங்கும் ஊர்ந்து பரவுவதில்லை. ரிசால்வர்களில் சேமித்து வைத்த பழைய பதில் காலாவதியாக வேண்டும், அவ்வளவுதான். அந்தக் காலத்தை நிர்ணயிப்பது ஒவ்வொரு ரெக்கார்டிலும் நீங்களே எழுதியுள்ள டிடிஎல் மதிப்பு. 'செட் டிபக்' இட்டு ரிசால்வரிடம் கேட்டால், இன்னும் எத்தனை வினாடி பாக்கி என்று தெரியும். சற்று நேரம் விட்டு மீண்டும் கேட்டால் எண் குறைந்திருக்கும். 3600 என்று வைத்திருந்தால் ஒரு மணி நேரம், 86400 என்று வைத்திருந்தால் ஒரு நாள். டாட் காம் டொமைனில் நேம்சர்வர்களையே மாற்றினால், மேல்நிலையில் உள்ள ரெக்கார்டின் டிடிஎல் 172800 வினாடி. அதாவது சரியாக 48 மணி நேரம். அந்தக் கணக்குக்குப் பொருத்தமான இடம் அது. சாதாரண முகவரி மாற்றத்துக்கு அதைச் சொல்வது பொருந்தாது. முகவரியை மாற்றத் திட்டமிட்டால், பழைய டிடிஎல் அளவு நேரம் முன்கூட்டியே அதை 300 ஆகக் குறைத்துவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு புதிய பெயரை உருவாக்குவதற்கு முன்பே ரிசால்வரிடம் அதைக் கேட்டுப் பார்க்காதீர்கள். 'இல்லை' என்ற பதிலும் சேமிக்கப்படும். 1998இல் வெளியான ஆர்எஃப்சி 2308 என்னும் இணைய விதி ஆவணம் அதற்கான விதியை வகுத்தது. எஸ்ஓஏவின் கடைசி எண் அந்தக் காலத்துக்கு வரம்பாகிறது. ஆவலில் முன்கூட்டிக் கேட்டவர், பெயரை உருவாக்கிய பிறகும் 'இல்லை' என்ற பதிலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

கேள்வி: என்எஸ்லுக்கப்பில் சரியான முகவரி வருகிறது, பிரவுசரில் மட்டும் பழைய தளம் திறக்கிறது. எப்படி?

இரண்டும் ஒரே வழியில் கேட்பதில்லை. பெயர்களையும் முகவரிகளையும் கணினியிலேயே எழுதி வைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பை என்எஸ்லுக்கப் பார்ப்பதில்லை, விண்டோஸ் சேமித்து வைத்திருக்கும் பதில்களையும் பயன்படுத்துவதில்லை. நேரே சர்வரிடம் போகிறது. பிரவுசர் இவற்றைப் பார்க்கிறது. சில பிரவுசர்கள் உங்கள் சர்வரை விட்டுவிட்டு, மறையாக்கப்பட்ட எச்டிடிபிஎஸ் வழியாக வேறொரு ரிசால்வரிடம் கேட்கும்படியும் அமைந்திருக்கும். எனவே ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்து பாருங்கள், விண்டோஸ் சேமித்த பதில்களை அழிக்க 'ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ்' என்று தட்டுங்கள், பிரவுசரின் டிஎன்எஸ் அமைப்பையும் பாருங்கள்.

கேள்வி: 8.8.8.8இடம் கேட்டால் உண்மையிலேயே அதுதான் பதில் சொல்கிறதா?

உறுதியாகச் சொல்ல முடியாது. 53ஆம் போர்ட்டுக்குப் போகும் கேள்விகளை வழியில் மறித்து, தானே பதில் சொல்லும் வலையமைப்புகள் இருக்கின்றன. கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. 'சர்வர் 192.0.2.1' என்று இட்டு ஏதேனும் ஒரு பெயரைக் கேளுங்கள். அந்த முகவரி விளக்கங்களுக்காக ஒதுக்கப்பட்டது. அங்கே எந்தச் சர்வரும் இல்லை. நேரம் கடந்துபோக வேண்டும். அதற்கு மாறாக முகவரி ஒன்று திரும்பி வந்தால் இடையில் யாரோ பதில் சொல்கிறார்கள் என்பது உறுதி. அந்த இணைப்பிலிருந்து நீங்கள் அதிகாரபூர்வ சர்வர்களைச் சோதித்தாலும் அந்த முடிவுகளை நம்ப முடியாது. வேறு இணைப்புக்கு மாறிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மின்னஞ்சலுக்காக எவற்றைச் சோதிக்க வேண்டும்?

'செட் டைப்=எம்எக்ஸ்' என்று இட்டு டொமைனைக் கேளுங்கள்; எண் குறைவாக உள்ள சர்வருக்கே முன்னுரிமை. அந்தச் சர்வரின் பெயருக்கு நேரடியான முகவரி ரெக்கார்டு இருக்க வேண்டும், வேறொரு பெயரைச் சுட்டும் சிநேம் ரெக்கார்டு இருக்கக் கூடாது. அடுத்து, நீங்கள் கடிதம் அனுப்பும் ஐபி முகவரியை அப்படியே தட்டுங்கள். கருவி தானே எண்களைத் தலைகீழாக்கிப் பிடிஆர் ரெக்கார்டைக் கேட்கும். அதற்குப் பெயர் வராவிட்டால் பல பெரிய அஞ்சல் சேவைகள் உங்கள் கடிதத்தை ஏற்கா. பிறகு 'செட் டைப்=டிஎக்ஸ்டி' இட்டு, உங்கள் டொமைன் பெயரில் கடிதம் அனுப்ப எந்தச் சர்வர்களுக்கு அனுமதி என்று சொல்லும், வி=எஸ்பிஎஃப்1 என்று தொடங்கும் வரி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு இருந்தால் இரண்டும் பயனற்றுப் போகும்.

கேள்வி: 'எல்எஸ்' கட்டளையால் டொமைனின் எல்லாப் பெயர்களையும் பட்டியலிடலாமாமே?

விண்டோஸ் பதிப்பில் அந்தக் கட்டளை இருக்கிறது. பைண்ட் 9இன் பதிப்பில் இல்லை. அது முழுப் பதிவேட்டையும் கேட்பதால், நன்கு பராமரிக்கப்படும் சர்வர் மறுத்துவிடும். உங்கள் சொந்தச் சர்வரில், வெளி இணைப்பிலிருந்து சோதித்து, மறுக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறர் சர்வர்களில் முயல வேண்டாம்.

கேள்வி: தமிழ் எழுத்திலான டொமைன் பெயர்களைச் சோதிக்க முடியுமா?

முடியும். .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் ஆகிய மூன்றும் டிஎன்எஸ்ஸின் வேர்ப் பதிவேட்டிலேயே இடம்பெற்றிருக்கும் தமிழ் உயர்நிலைப் பெயர்கள். ஆனால் சர்வர்களுக்கு இடையே போகும்போது தமிழ் எழுத்துகள் அப்படியே போவதில்லை. எக்ஸ்என் என்ற இரண்டு எழுத்துகளும் இரண்டு சிறுகோடுகளும் முன்னால் வர, மீதி பியூனிகோடு என்னும் முறையில் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக மாற்றப்பட்டுப் போகும். கட்டளைச் சாளரத்தில் தமிழ் எழுத்துகள் சரியாகத் தெரியாமல் போகலாம் என்பதால், அந்த மாற்று வடிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு அதையே தட்டிக் கேட்பது நம்பகமானது. இரண்டு புள்ளிகளுக்கு இடைப்பட்ட பகுதி 63 எழுத்துகளைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு மாற்று வடிவத்துக்குத்தான் பொருந்தும். ஆகவே நீளமான தமிழ்ப் பெயர்கள் எதிர்பார்த்ததைவிட விரைவில் அந்த வரம்பைத் தொடும்.

'கௌ' என்ற எழுத்தில் தனிக் கவனம் வேண்டும். அதை ஔகார எழுத்தாகவே தட்டுபவர்களும் உண்டு. 'கெ' தட்டி அருகில் 'ள' தட்டுபவர்களும் உண்டு. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு அவை வெவ்வேறு பெயர்கள். கௌரி என்று பதிவு செய்த ஒருவர் கெளரி என்று தட்டிக் கேட்டால் 'இல்லை' என்றுதான் வரும். மாற்று வடிவங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு உடனே கண்ணில் படும்.

கேள்வி: டிக் என்ற கருவி இதைவிடச் சிறந்தது என்கிறார்களே?

டிஎன்எஸ்செக் கையொப்பங்களைச் சோதிக்கவும், பதிலை எந்த ஒப்பனையும் இல்லாமல் முழுமையாகப் பார்க்கவும் டிக் சிறந்தது. அந்த வேலைகளுக்கு அதையே பயன்படுத்துங்கள். ஆயினும் புகார் வரும் இடத்தில், யாரோ ஒருவரின் விண்டோஸ் கணினியின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, எதையும் நிறுவாமல் கையில் இருப்பது என்எஸ்லுக்கப்தான். அந்தக் கணினியிலிருந்து கேட்டால்தான் அந்தக் கணினியின் சிக்கல் தெரியும். அதனால் இதை நன்றாகப் பழகி வைத்துக்கொள்ளும்படி எல்லோரிடமும் வற்புறுத்துவேன்.

கேள்வி: சேவையாளரிடம் புகார் செய்யும்போது எவற்றை எழுத வேண்டும்?

'டிஎன்எஸ் வேலை செய்யவில்லை' என்று எழுதினால் அவர்களால் எதுவும் செய்ய முடியாது. எந்த இணைப்பிலிருந்து கேட்டீர்கள், எந்தச் சர்வரின் எந்த முகவரியிடம் கேட்டீர்கள், எந்தப் பெயரை, எந்த வகை ரெக்கார்டுக்காகக் கேட்டீர்கள், யுடிபியா டிசிபியா, என்ன பதில் வந்தது, அப்போது மணி என்ன என்று எழுதுங்கள். திரையில் வந்ததைச் 'செட் ஆல்' பட்டியலோடு அப்படியே எழுத்தாக நகலெடுத்து ஒட்டுங்கள்; படம் பிடித்து அனுப்பினால் அவர்களால் முகவரிகளை நகலெடுத்துச் சோதிக்க முடியாது. ஒழுங்காகப் பதில் சொன்ன மற்றொரு சர்வரின் பதிலையும் பக்கத்திலேயே கொடுங்கள். '203.0.113.53 இன்று காலை 10.20க்கு எக்ஸாம்பிள்.காம் டொமைனுக்கு 2019060501 என்ற வரிசை எண்ணைத் தருகிறது, மற்ற இரண்டும் 2019061403 என்கின்றன' என்று ஒரு வரி எழுதினால் போதும். மறுமுனையில் படிப்பவருக்கு எந்தக் கணினியின் முன் போய் உட்கார வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.